சம்மதக் கடிதத்தைத் திரும்ப வாங்கிய நாள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. கடைசி வாரத்தில், அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஷர்மிளா தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெளிநாட்டு நிதியம் ஒன்றின் அறிவிப்பை அதற்குள் போட்டிருந்தாள். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கணினி பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு விண்ணப்பத்தை எழுதிவிட்டிருந்தது. இங்கிலீஷ் நன்றாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, இது இல்லாத காலத்துல ஒரு புரபோசலுக்கு ரெண்டு மாசம் அப்படி என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அதில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களில் அந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் அது பாதிக்கு மேல் வளர்மதி மேடத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் ராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்துவிட்டு, பீச் ஸ்டேஷன் பக்கம் சரக்கு கிளியரிங் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் ஒன்பது வருடம் பத்திரங்கள் அடித்தேன். ஓர் எழுத்து மாறினால் கண்டெய்னர் வாரக்கணக்கில் யார்டிலேயே நிற்கும். நான் கற்ற பாடம் அது ஒன்றுதான். அந்த அலுவலகத்தை மூடியபோது, திருவொற்றியூரில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு டைப்பிஸ்ட் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போனேன். இருபத்தெட்டு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

இரும்புக் கம்பி மொத்தக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் அலுவலகம். கீழே கம்பி இறக்கும்போதெல்லாம் மேலே போன் பேச முடியாது. எண்ணூர்க் கழிமுகத்தையும், அதில் வாழும் நண்டு, இறால், பறவைகளையும், அவற்றை நம்பி வாழும் மனிதர்களையும் காப்பதுதான் எங்கள் வேலை. அதற்குப் பணம் வேண்டும். உள்ளூரில் கேட்டால், மரம் நட்டு போட்டோ எடுக்கும் அளவுக்குத்தான் தருவார்கள். பருவநிலை, பல்லுயிர் என்று பெரிய வேலைக்கு வெளிநாட்டு நிதியங்களைத்தான் நாட வேண்டும். அந்த நிதியங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் கேட்கிற வடிவத்தில் எங்கள் ஆற்றைப் பற்றி எழுதி அனுப்பும் வேலை மெல்ல மெல்ல என் கைக்கு வந்தது.

வளர்மதி மேடம் எங்கள் இயக்குநர். என்னைவிட மூன்று வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். கடைசிவரை இரண்டுமே மாறவில்லை. அவர் அப்பா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். இவர் விலங்கியல் படித்து, கழிமுகத்து இறால் குஞ்சுகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். கல்லூரி வேலை கிடைத்தும் போகவில்லை. குரல் எப்போதும் ஒரே அளவில் இருக்கும். நாம் எழுதிக் கொடுத்தது பிடிக்கவில்லை என்றால் எதுவும் சொல்லமாட்டார். அந்தத் தாளை ஒரு விரலால் மேசைமேல் நம் பக்கம் மெதுவாகத் தள்ளுவார். அவ்வளவுதான். நாம் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அவர் ஓர் அறிவிப்பைப் படிக்கும் விதமே தனி. முதலில் அச்செடுக்கச் சொல்வார். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார். எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார். அடுத்தது, எப்போதெல்லாம் அறிக்கை கேட்கிறார்கள் என்பது. பிறகு, யார் விண்ணப்பிக்கலாம் என்பது. நிதியத்தின் நோக்கம், கனவு என்று முதல் பக்கத்தில் அழகாக அச்சிட்டிருப்பதைக் கடைசியில்தான் படிப்பார். "முதல் பக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா. கடைசிப் பக்கத்துலதான் இவங்க யாருன்னு தெரியும்" என்பார். பத்து அறிவிப்புகளில் எட்டை அங்கேயே மூடி வைத்துவிடுவோம். நமக்கு எட்டாத நிதிக்கு எழுதி நாட்களை வீணாக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

மிஞ்சிய இரண்டுக்கு வேலை தொடங்கும். என்ன செய்யப் போகிறோம், அதனால் என்ன மாறும், மாறியதை எப்படித் தெரிந்துகொள்வோம் என்று மூன்று பத்தி கொண்ட ஒரு பெரிய அட்டவணையை முதலில் போடுவோம். மூன்றாவது பத்திதான் கஷ்டம். முதல் இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பிறகு நான் இங்கிலீஷில் வரைவு எழுதுவேன். அவர் பென்சிலோடு உட்காருவார். ஓரத்தில் அவர் போடும் குறிப்பு பெரும்பாலும் இரண்டே சொல்தான்: பார்த்தது யார்?

நான் ஒருமுறை கழிமுகத்துக்கு ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன என்று எழுதியிருந்தேன். எங்கோ படித்தது. ஓரத்தில் அந்த இரண்டு சொல் வந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். ஒரு வாரம் தினமும் எண்ணினோம். நான் எழுதியதற்குக் கிட்டத்தில்கூட வரவில்லை. எண்ணியதையே எழுதினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு குறைவாகச் சொன்னால் யார் பணம் தருவார்கள் என்ற கவலையும் இருந்தது. அந்த நிதி எங்களுக்குக் கிடைத்தது. எண்ணியதால்தான் கிடைத்தது என்று சொல்ல எனக்குத் தெரியாது. அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்னொன்று, நான் செய்த பிழை. ஒரு நிதியத்தின் கடைசி நேரம் அவர்கள் நாட்டு நேரப்படி நண்பகல் என்று போட்டிருந்தது. நம் நேரத்துக்கு மாற்றும்போது கூட்ட வேண்டியதைக் குறைத்துவிட்டு, நேரம் முடிந்துபோனதாகத் தப்பாக நினைத்துக்கொண்டேன். எல்லாம் போயிற்று என்று அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டேன். உண்மையில் அப்போது இன்னும் பல மணி நேரம் மிச்சமிருந்தது. அது தெரியவந்தபோது உண்மையாகவே முடிந்துபோயிருந்தது. என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். நிதியத்துக்கு அவர் எழுதிய கடிதத்தை என்னிடமே அடிக்கக் கொடுத்தார். 'நாங்கள் நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டோம். காரணம் சொல்வதற்கில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பிப்போம்.' அதில் நான் என்ற சொல்லும் இல்லை, என் பெயரும் இல்லை. நாங்கள் என்று இருந்தது. அன்றிலிருந்து எந்த விண்ணப்பத்தையும் இரண்டு நாள் முன்னதாக அனுப்புவது எங்கள் வழக்கம் ஆயிற்று.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து வருடத்துக்கு முன், ஒரு பெரிய நிதியம் மூன்று நாடுகளின் கடலோர ஈரநிலங்களை மீட்க விண்ணப்பம் கேட்டது. இலங்கையில் களப்பு என்று சொல்லப்படும் ஒரு கடற்கழி, வங்கதேசத்தில் ஒரு கரையோரம், நம் எண்ணூர்க் கழிமுகம். மூன்றையும் சேர்த்துக் கூட்டு விண்ணப்பம் அனுப்ப ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தது. ஒருங்கிணைப்பாளர் அனில் என்ற வடநாட்டுக்காரர். நல்ல படிப்பாளி, மரியாதையாகப் பேசுவார். எங்கள் பங்கு, ஆற்றோரச் சேற்றுத் திட்டில் அலையாத்திச் செடிகளை நட்டு வளர்ப்பது. எத்தனை ஏக்கர் என்பதை வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டி அவரே அனுப்பிவிட்டார்.

அப்போது எங்கள் நிலைமை மோசம். பழைய திட்டம் முடியப் போகிறது. அடுத்தது இல்லை. மேடத்தைத் தவிர நாங்கள் ஆறு பேர். என் மகள் நர்சிங் கடைசி வருடம். இந்தக் கூட்டு விண்ணப்பம் தேறினால் நான்கு வருடத்துக்குக் கவலையில்லை என்று எல்லோருமே மனக்கோட்டை கட்டியிருந்தோம். நானும்தான்.

நிதியம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. செடி நடும் இடத்து மக்களின் சம்மதக் கடிதம் வேண்டும். அந்த இடம், முகத்துவாரக்குப்பத்தைத் தாண்டி ஆற்றோரம் உள்ள ஒரு சிறு குப்பம். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அங்கிருப்பவர்கள் இன்றும் எனக்கு வேண்டியவர்கள். நானும் மேடமும் போனோம். சமுதாயக் கூடத்தில் ஊர்த் தலைவரும் நான்கு பெரியவர்களும் வந்தார்கள். மேடம் திட்டத்தை விளக்கினார். செடி நட்டால் அலை அடங்கும், மீன் பெருகும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. டீ வந்தது. கடிதத்தில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு, ஊர் முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும்போது தண்ணீர் வற்றியிருந்த நேரம். பாலத்துக்கு முன்னால் மேடம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். வரைபடத்தில் பச்சை அடித்திருந்த அதே திட்டில் பெண்கள் முழங்காலளவு தண்ணீரில் குனிந்து வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்றைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நானும் புடவையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

முன்னால் இருந்தவர் கன்னியம்மா. ஐம்பது வயது இருக்கும். மேடம் பேச்சுக் கொடுத்தபோது உடனே பதில் வரவில்லை, வாயில் பறி. கைக்குள் அகப்பட்டதைப் பறிக்குள் போட்டு, அதை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"செடி நடப் போறீங்களாமே மேடம். எங்க?"

மேடம் அவர் நின்ற இடத்தைக் காட்டினார்.

"இங்கயா?" என்று கேட்டுவிட்டுக் கன்னியம்மா காலடிச் சேற்றைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இங்க நட்டீங்கன்னா நாங்க எங்க போயி கைய வுட்றது? வேரு வந்துச்சுன்னா சேறு கட்டிக்கும். கை எறங்காது."

"ஊர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்களே" என்றேன் நான்.

"அவுங்க கடலுக்குப் போறவங்கமா. சேத்துல எறங்கறது நாங்க. எங்கள யாரு வந்து கேட்டா?"

திரும்பும் வழியில் எண்ணூர் ஹைரோடு வரும்வரை மேடம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அலையாத்தி வளந்தா இறால் பெருகும்னு நானே ரெண்டு கட்டுரை எழுதியிருக்கேன் அக்கா. அது பொய் இல்ல. ஆனா இந்தத் திட்டுல அவங்க கை இருக்கு. அதை நான் பார்க்கல" என்றார். இருபது வருடமாக அந்த ஆற்றைப் பார்த்தவர் சொன்ன வார்த்தை அது.

மறுநாள் அந்தப் பெண்களை மட்டும் கூப்பிட்டு உட்கார்ந்தோம். பதினோரு பேர் வந்தார்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே ஒரு பக்கத்தில் எழுதினேன். இந்தத் திட்டில் எதுவும் நட வேண்டாம். சாலையோரக் கரையில் யாரும் இறங்குவதில்லை, அங்கே நடுங்கள். திட்டுக்குத் தண்ணீர் வரும் கால்வாய் இரண்டு அனல்மின் நிலையச் சாம்பலும் மண்ணும் சேர்ந்து தூர்ந்து கிடக்கின்றன. உங்களால் முடிந்தால் அதைத் தோண்டிக் கொடுங்கள். இவ்வளவுதான். பதினோரு பேரும் கைநாட்டு வைத்தார்கள்.

மேடம் இரண்டு வேலை செய்தார். முதலில் ஊர்த் தலைவரிடம் போய், அவர் கொடுத்த கடிதத்தைப் பயன்படுத்தப் போவதில்லை என்று நேராகச் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தது. எங்க கையெழுத்துக்கு மதிப்பு இல்லையா என்று கேட்டார். "இருக்கு தலைவரே. அதோட இந்தப் பதினோரு பேரும் சேர்ந்தாத்தான் ஊரு. ஊரு சம்மதம் வேணும்னு கேட்டிருக்காங்க, பாதி ஊரை அனுப்ப முடியாதில்ல" என்றார் மேடம். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மேடம் அனிலுக்கு போன் செய்து, எங்கள் பங்கில் செடி நடும் பரப்பு பாதிக்கும் கீழே குறையும், கால்வாய் வேலை சேரும், பெண்களின் மறுப்பையும் இணைப்பாக வைக்கிறோம் என்று சொன்னார்.

அனில் அதிர்ந்துபோனார். மதிப்பீட்டாளர்கள் பரப்பைத்தான் பார்ப்பார்கள், வரைபடம் ஏற்கெனவே இறுதியாகிவிட்டது, கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கும்போது மறுப்பை யாராவது தானாக எடுத்துக் கொடுப்பார்களா என்றெல்லாம் கேட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மற்ற இரண்டு நாட்டுக்காரர்களும் அந்த விண்ணப்பத்தை நம்பித்தான் இருந்தார்கள். மேடம் பொறுமையாகக் கேட்டார். உங்களுக்கு எங்களால் கஷ்டம் என்றால் எண்ணூரை எடுத்துவிட்டு அனுப்புங்கள், வருத்தப்படமாட்டோம் என்று சொல்லி வைத்துவிட்டார். கடைசி நாளுக்கு ஆறு நாள் இருந்தது.

அடுத்த நாள் மதியம் மேடம் வெளியே போயிருந்தார். அனில் என்னை போனில் கூப்பிட்டார். மிரட்டவில்லை. உங்கள் மேடத்தின் நேர்மை எனக்கும் பிடிக்கும், ஆனால் ஆறு குடும்பம் அவரை நம்பி இருக்கிறதே என்றார். அந்தக் கடிதத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், மேடத்துக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

கடிதம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். பொய்க் கையெழுத்து இல்லை, ஊர் முத்திரை இருக்கிறது, இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளின் கடைசி வருடத்தை நினைத்தேன். ஸ்கேன் செய்து அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி உடனே வந்தது.

மறுநாள் காலையில் பஸ் தண்டையார்பேட்டை தாண்டும்போது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். துணிச்சல் வந்ததால் அல்ல. மேடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும்போது என்னால் வேலை செய்ய முடியாது என்று தெரிந்தது.

அவர் அப்போதுதான் வந்து தோளிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் உட்கார்ந்தார். கீழே கடையில் கம்பி இறக்கினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?"

"மூணே கால் மேடம்."

"அவர் இன்னும் விண்ணப்பத்துல சேத்திருக்க மாட்டார்" என்றார். பிறகு, "கடிதத்துல இருக்கிறது பொய் இல்ல அக்கா. ஆனா முழு ஊருன்னு சொல்லி அதை அனுப்பினா பொய்யாயிடும்" என்றார்.

நான் அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"அனுப்பினது நீங்க. திரும்ப வாங்கறதும் நீங்களா இருந்தா நல்லது" என்றார்.

அனிலுக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு வரி. தவறுதலாக அனுப்பிவிட்ட கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம், அது ஊரின் முழுச் சம்மதம் ஆகாது, விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டாம் என்று எழுதி அச்செடுத்துக் கொடுத்தேன். மேடம் பென்சிலை எடுத்தார். ஒரே ஒரு சொல்லை அடித்தார்.

"தவறுதலாகன்னு போட்டிருக்கீங்க. தவறுதலா நடக்கலையே."

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, என் பெயரிலேயே அனுப்பினேன். அனில் பதில் எழுதவில்லை. கடிதத்தைச் சேர்க்கவும் இல்லை. எங்கள் சின்னப் பரப்போடும் அந்தப் பெண்களின் ஒரு பக்கத்தோடும் விண்ணப்பம் போயிற்று.

விண்ணப்பம் தேறவில்லை. மூன்று நாட்டுக்கும் சேர்த்து நிராகரித்துவிட்டார்கள். எண்ணூரின் பரப்பு சிறிது என்பதும் சொன்ன காரணங்களில் ஒன்று. அனில் அதை எந்தக் குத்தலும் இல்லாமல் எழுதியிருந்தார். அதுவே எனக்குக் குத்தியது.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள். மேடம் தன் சம்பளத்தை நிறுத்திக்கொண்டு ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்தார். எங்கள் நான்கு பேருக்கும் அந்த வருடம் சம்பளம் தவறவில்லை. இது எப்படி நடந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கணக்கெழுதுபவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆற்றுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. வாரம் இருமுறை தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், தூர்ந்த கால்வாயின் ஆழத்தை மூங்கில் கழியால் அளந்து குறித்துக்கொண்டு வருவோம். கன்னியம்மாவும் மற்றவர்களும் எந்தெந்த மாதம் எந்தப் பக்கம் இறால் கிடைக்கும் என்று சொல்லச் சொல்ல எழுதினோம்.

அடுத்த வருடம் வேறொரு நிதியம், சின்னது, அறிவிப்பு வெளியிட்டது. மேடம் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். முதல் பக்கம்வரை வந்து, நிமிர்ந்து, "அந்த ஒரு பக்கம் இருக்கில்ல அக்கா, பதினோரு கைநாட்டு வெச்சது. அதுலேருந்து ஆரம்பிப்போம்" என்றார். இலங்கைக் களப்புக்காரர்கள் எங்களைக் கைவிடவில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மாதம் எழுதினோம். நான் எழுதியவற்றிலேயே, ஓரத்தில் அந்த இரண்டு சொல் ஒருமுறைகூட வராத வரைவு அது ஒன்றுதான்.

இந்த நிதி கிடைத்தது. மூன்று வருட வேலை. கால்வாய் இரண்டையும் தோண்டினோம். சாலையோரக் கரையில் வைத்த அலையாத்தி இப்போது ஆள் உயரம். திட்டில் இன்றும் ஒரு செடி கிடையாது. ஊர்த் தலைவர் இரண்டாவது வருடம் தானாகவே கால்வாய் வேலையைப் பார்க்க வந்தார். ஆனால் நிதி உறுதியாவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் சுற்றில் தேறியவர்களின் இடத்தைப் பார்க்க நிதியத்திலிருந்து ஹெலன் என்ற அம்மாள் வந்தார். அறுபது வயதுக்கு மேல். சேற்றைக் கண்டு தயங்கவில்லை. முழங்கால்வரை இறங்கி நின்றார். கன்னியம்மா தடவிக் காட்டினார். ஹெலனும் குனிந்து தடவிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை, பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கரையேறியதும் ஹெலன் நோட்டை எடுத்துக்கொண்டு கன்னியம்மாவிடம் கேள்விகள் கேட்டார். மேடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். தான் மொழிபெயர்த்தால் தனக்கு வேண்டியதைச் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிடும் என்பது அவர் எண்ணம்.

இந்த நிறுவனத்தை நீங்கள் ஏன் நம்புகிறீர்கள் என்று ஹெலன் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

கன்னியம்மா என்னைக் கையால் காட்டினார். "போன தபா ஆம்பளைங்க மட்டும் கையெழுத்து போட்ட கடுதாசி வெளிநாட்டுக்கே பூடுச்சு. இதோ, இந்த ஸ்டெல்லாம்மாதான் எழுதிப் போட்டு அத்த திரும்ப வாங்கனாங்க. வேல போனாலும் போட்டும்னு வாங்கனாங்க. வளர்மதி மேடம்தான் எங்களாண்ட சொன்னாங்க."

ஹெலன் பேனாவோடு காத்திருந்தார். மேடத்தைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும், அவ்வளவு தூரம் இல்லை.

கன்னியம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு, அந்தக் கடிதத்தை அனுப்பியதும் நான்தான், எங்கள் இயக்குநருக்குத் தெரியாமல் அனுப்பினேன் என்றேன். ஹெலன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கன்னியம்மாவின் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னேன்.

"தெரியாம அனுப்பிட்டியா?" என்றார் கன்னியம்மா. அதுவரை நீங்கள் என்று பேசியவர்.

"இல்ல. தெரிஞ்சுதான் அனுப்புனேன்."

அவர் பறியைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி. வாங்கிட்ட இல்ல" என்றார். பறியைக் கவ்விக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டார். ஹெலன் நோட்டை மூடினார்.

அவரை வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு நானும் மேடமும் ஆட்டோவில் திரும்பினோம். நிதி போயிற்று என்றே நினைத்தேன். அதற்குக்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. வேறொன்றுதான் உறுத்தியது. ஒரு பறவையைக்கூடக் கூட்டிச் சொல்ல விடாதவர், பாதி ஊரை முழு ஊர் என்று சொல்லக் கூடாது என்றவர், என் விஷயத்தில் மட்டும் பாதியைச் சொல்லியிருக்கிறார். திருவொற்றியூர் நெருங்கும்போது கேட்டே விட்டேன்.

"மேடம், நான் திரும்ப வாங்கினதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்க. அனுப்பினதை ஏன் சொல்லல?"

"அது உங்களோடது அக்கா" என்றார். "நீங்க சொல்லாம நான் எப்படிச் சொல்றது?"